ஐந்து நட்சத்திரமும் ஒரு நாற்காலியும்

காலை பத்து மணிக்கு எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்த அந்தப் பெண் உட்காருவதற்கு முன்பே எனக்கு அவள்மேல் பொறாமை வந்துவிட்டது. காரணம் அவள் மார்போடு அணைத்துப் பிடித்திருந்த ஃபைல். அதன் மேலட்டையில் தன்னுடைய இணையப் பக்கத்தை அச்செடுத்து ஒட்டியிருந்தாள். எழுதி முடித்த கட்டுரைகள் இரண்டாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. வாடிக்கையாளர்கள் கொடுத்த மதிப்பு, ஐந்துக்கு நான்கு புள்ளி ஒன்பது நட்சத்திரம்.

நானும் இங்கே உதவியாளனாகச் சேர்வதற்கு முன்னால் எட்டு மாதம் அதே பிழைப்பில் இருந்தவன்தான். இணையத்தில் முகம் தெரியாதவர்கள் கேட்பதையெல்லாம் வார்த்தைக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுக்கிற பிழைப்பு. மெத்தைகளைப் பற்றி மட்டும் அறுபது கட்டுரை எழுதினேன், வெறும் தரையில் படுத்துக்கொண்டு. கடைசி வாடிக்கையாளர் ஐந்து தடவை திருத்தி எழுத வைத்துவிட்டு, 'எழுதியவருக்கு மெத்தையின் மேல் மரியாதை இல்லை' என்று ஒற்றை நட்சத்திரம் போட்டார். என் சராசரி இரண்டுக்கு இறங்கியது. அதற்குப் பிறகு ஈ காக்கை கூட என் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இங்கே சேர்ந்த நாளிலிருந்து எங்கள் மேடம் என்னை 'ரெண்டு ஸ்டார்' என்றுதான் கூப்பிடுகிறார்.

மேடம் இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தியவர். எந்தப் பையன் எந்தப் பையனைப் பார்த்து எழுதினான் என்று கண்டுபிடிப்பதில் ருசி கண்டு, ஓய்வு பெற்றதும் துப்பறிய வந்துவிட்டார். கைரேகை, ரத்தத்துளி எல்லாம் அவருக்கு ஆகாது. ஒரு காகிதத்தைக் கொடுத்தால் போதும், எழுதியவனின் ஜாதகத்தையே சொல்லிவிடுவார்.

வந்தவள் தன் கதையை வரிசை தவறாமல் சொன்னாள். அவள் எழுதுகிற இணைய நிறுவனம், முதல் தடவையாக வெளியாட்களில் ஒருவரை நிரந்தர வேலைக்கு எடுக்கப் போகிறதாம். மாதச் சம்பளம், விடுமுறை, உட்கார ஒரு நாற்காலி. எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டுரைக்கு மேலே எழுதியவர் பெயர். இன்று மாலை ஐந்து மணிக்கு அந்த நிறுவனத்தின் ஆசிரியர் முடிவு சொல்கிறார். கடைசியில் மிஞ்சி நிற்பது இரண்டே பேர். ஒன்று இவள். இன்னொன்று இவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. இரண்டு பேரும் ஒரே வீடு, ஒரே மேஜை.

"இந்தப் பத்து நாள்ல என்னைப் பத்தி ஆசிரியருக்கு மூணு மொட்டைக் கடிதம் மெயில்ல போயிருக்கு மேடம். அவர் எனக்கு அனுப்பி விளக்கம் கேட்டிருக்கார். யார் எழுதினாங்கன்னு அஞ்சு மணிக்குள்ள தெரியணும்."

யார்மேல் சந்தேகம் என்று மேடம் கேட்டார். யார்மேலும் இல்லை, ஆனால் படித்தால் உங்களுக்கே புரியும் என்று சொல்லி, அச்செடுத்த மூன்று தாள்களை நீட்டினாள்.

நான் வாங்கிப் படித்தேன். 'நான் ஒன்று கேட்கட்டுமா? ஆறிப்போன காபியை எத்தனை முறை சூடு பண்ணுவீர்கள்? உங்கள் மூத்த எழுத்தாளர் ஒரே கட்டுரையை ஆறு நிறுவனங்களுக்குச் சூடு பண்ணித் தருகிறார்.' அடுத்த கடிதமும் 'நான் ஒன்று கேட்கட்டுமா?' என்றுதான் ஆரம்பித்தது. அதில் தேய்ந்த துடைப்பம் வந்தது, மூன்றாவதில் மூடி தொலைந்த டப்பா. வீட்டுச் சாமான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வம்பை ஆரம்பிக்கிற கை.

"சின்னவ இப்படித்தான் எழுதுவா. எதை எழுதினாலும் ஒரு கேள்வியில ஆரம்பிப்பா, ஒரு சாமானைக் கொண்டு வந்து நுழைப்பா" என்றாள் அவள். சொல்லிவிட்டு, சந்தேகம் இல்லை என்று சற்று முன் சொன்னது நினைவுக்கு வந்ததுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தானே இதை ஆசிரியரிடம் சொன்னால் ஓரகத்திச் சண்டை என்று தள்ளிவிடுவார்களாம். துப்பறியும் அலுவலகத்தின் கையெழுத்தோடு ஓர் அறிக்கை போனால் அதற்கு ஒரு மதிப்பு உண்டாம்.

கிளம்பும்போது ஃபைலிலிருந்து இன்னொரு சீட்டையும் எடுத்து வைத்தாள். பல் டாக்டர் கொடுத்த ரசீது. மூன்றாவது கடிதம் போன செவ்வாய்க்கிழமை பதினொன்றே காலுக்கு அவள் பல் பிடுங்கிக்கொண்டிருந்தாளாம்.

அவள் படி இறங்கிய பிறகு, வழக்கு முடிந்துவிட்டது, டைப் அடித்துவிடலாமா என்று கேட்டேன். மேடம் அந்த ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை யாரு கேட்டா ரெண்டு ஸ்டார்?"

"யாரும் கேக்கல. எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கற மாதிரி தானே குடுத்துட்டுப் போறாங்க. நாலு புள்ளி ஒன்பது வாங்கறவங்க எல்லாத்தையும் ஒண்ணுக்கு ரெண்டா குடுப்பாங்க மேடம். அப்படிக் குடுக்காததாலதான் நான் இங்க உக்காந்திருக்கேன்."

மேடம் ரசீதைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

பதினொன்றரைக்கு அந்த வீட்டு மாடிக்குப் போனோம். எங்களைத் தேடி வந்த மூத்தவள் கடைக்குப் போவதாகச் சொல்லி நாசூக்காக விலகிக்கொண்டாள். ஆண்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஜன்னலோரம் ஒரு நீள மேஜை, அதில் இரண்டு லேப்டாப். மூத்தவள் பக்கம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. சுவரில் அன்றைக்கு முடிக்க வேண்டிய ஒன்பது கட்டுரைகளின் பட்டியல், பக்கத்தில் அலாரம், மணிக்கட்டு வலிக்குப் போடும் பட்டை. குழந்தை உணவு, கார் டயர், முதுகுவலி, கடலோர விடுதி என்று பட்டியல் போயிற்று. அந்த விடுதியை அவள் கண்ணால் கண்டிருக்க மாட்டாள். நாங்கள் யாருமே எழுதியதைக் கண்டவர்கள் இல்லை.

இளையவள் பக்கம் பிஸ்கட் தூளும் பாதி குடித்த டீயும். அவள் எங்களைக் கவனிக்காமல் டைப் அடித்தபடி தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன எழுதுகிறாய் என்று மேடம் கேட்டதும் கூச்சமே இல்லாமல் படித்துக் காட்டினாள். துணி காயப்போடும் ஸ்டாண்ட் ஒன்றுக்கான விளம்பரக் கட்டுரை. 'இதில் பன்னிரண்டு சட்டை காயப்போடலாம் என்கிறது நிறுவனம். எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அது துணிக்கானது என்பதே எல்லோருக்கும் மறந்து, குடை, கைப்பை, மாமனாரின் கோபம் எல்லாம் அதில்தான் தொங்கின.'

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் வயிறும் எரிந்தது. அறுபது மெத்தைக் கட்டுரைகளில் ஒருவரையாவது நான் இப்படிச் சிரிக்க வைத்திருப்பேனா?

"எத்தனை வார்த்தை கேட்டாங்க?" என்றேன், குற்றம் கண்டுபிடிக்கிற ஆசையில்.

"இருநூத்தி அம்பது. இப்பவே நானூத்திப் பத்து ஆயிடுச்சு. எனக்கு நிறுத்த வராதுங்க. மிச்சத்துக்குக் காசு கிடையாது, அளவு மீறிட்டேன்னு ஸ்டாரையும் குறைச்சிடுவாங்க. அதான் மூணரையிலேயே நிக்கறேன்."

அக்காதான் இந்த வேலையைக் கற்றுக்கொடுத்ததாகச் சொன்னாள். அக்கா எழுதுவது கைக்கடிகாரம் ஓடுகிற மாதிரி என்றாள். மேடம், அக்காமேல் பொறாமை உண்டா என்று போட்டு உடைத்தார். வேறு யாராக இருந்தாலும் 'ச்சேச்சே' என்றிருப்பார்கள். இவள் யோசித்தாள்.

"உண்டு. காலையில கண்ணு முழிச்சதும் முதல்ல அக்காவோட ஸ்டாரைத்தான் பார்ப்பேன். ஒரு நாளாவது குறைஞ்சிருக்காதான்னு இருக்கும். அப்புறம் என்மேலயே கோவம் வரும்."

நான் மேடத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினேன். மேடம் மூன்று கடிதங்களில் ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் உதடு அசையப் படித்தாள். பாதி வரும்போது முகம் வெளுத்துவிட்டது.

"இது நான் எழுதின மாதிரியே இருக்கே" என்றாள் மெதுவாக. ஐந்து மணிக்கு என்ன நடக்கும் என்பது அவளுக்கும் புரிந்துவிட்டது.

தெருவில் இறங்கியதும் நான் விரல் விட்டு எண்ணினேன். பொறாமை உண்டு என்று அவளே ஒப்புக்கொண்டாள். நடை அவளுடையது. கணினியும் கையெட்டும் தூரத்தில். இதைவிட என்ன வேண்டும்? திருடன் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திருடியதுபோல் இருக்கிறது என்றேன்.

"அதேதான் எனக்கு உறுத்துது. மொட்டைக் கடிதம் எழுதறவ, தன் மூக்கையும் முழியையும் மூணு தடவை வரைஞ்சு அனுப்புவாளா?" என்றார் மேடம்.

"பொறாமை வந்தா புத்தி வேலை செய்யாது மேடம். அனுபவத்துல சொல்றேன்."

ஆசிரியரின் அலுவலகம் நான்காவது மாடியில் ஒரு கண்ணாடி அறை. வெளியே வரிசையாக நாற்காலிகள். அதில் ஒன்று காலியாக, இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். சக்கரம் வைத்த நாற்காலி, முதுகுக்கு நல்ல தாங்கல். என் வாழ்நாளில் எனக்கு யாரும் இப்படி ஒரு நாற்காலி வாங்கிப் போட்டதில்லை.

ஆசிரியர் நாற்பது வயதுக்காரர். பேசும்போதும் ஒரு கண் திரையிலேயே இருந்தது. மூன்று கடிதமும் அந்த வீட்டு இணைப்பிலிருந்துதான் வந்திருக்கிறது என்று அவருடைய கணினி ஆட்கள் சொல்லிவிட்டார்களாம். மூத்தவள் தன்மேல் தானே புகார் எழுதிக்கொள்ளப் போவதில்லை, ஆகவே இளையவள்தான் என்று அவரும் முடிவுக்கு வந்திருந்தார். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகம் சந்தோஷமாக இல்லை.

"உண்மையைச் சொல்லணும்னா வேலையை அந்தச் சின்னப் பொண்ணுக்குக் குடுக்கறதா இருந்தேன். ரெண்டு வாரம் முன்னாடி அவளுக்கு மெயில்கூடப் போட்டேன். பதினோரு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன், ஒரு கட்டுரையைக் கடைசி வரைக்கும் படிச்சது உன்னோடதைத்தான்னு. இப்ப என்ன பண்றது? கூட இருந்தே குழி பறிக்கறவளை எப்படி வேலைக்கு வெச்சுக்கறது?"

மூத்தவளுடைய எழுத்து எப்படி என்று மேடம் கேட்டார்.

"அவங்க தங்கம். ஆறு வருஷத்துல ஒரு நாள் தாமதம் கிடையாது. நானூறு கேட்டா நானூறு. ஒரு வார்த்தை கூடாது, ஒரு வார்த்தை குறையாது. எப்படி இருக்கும்னு தெரியுமில்ல, அதனால நான் படிக்கறதே இல்ல. வந்ததும் அப்படியே போட்டுடுவேன்."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு முதல் தடவையாக மூத்தவள்மேல் இரக்கம் வந்தது. இரண்டாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கட்டுரை எழுதி, ஒரு ஆள் படிக்கவில்லை.

மேடம் அந்த மூன்று கடிதங்களையும், இரண்டு பெண்களும் அனுப்பிய பழைய கட்டுரைகள் சிலவற்றையும் என் போனுக்கு அனுப்பச் சொன்னார். கீழே பஸ் நிறுத்தத்தில் பெஞ்சில் உட்கார வைத்து, கடிதங்களில் எத்தனை வார்த்தை என்று எண்ணச் சொன்னார். எதற்கு என்று கேட்டால் சொல்ல மாட்டார். போன் நொடியில் எண்ணிக் கொடுத்தது. முதல் கடிதம் நானூறு. இரண்டாவது நானூறு. மூன்றாவதும் நானூறு.

நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன்.

"மேடம், கோவத்துல புகார் எழுதற எவனும் சரியா நானூறுல நிறுத்த மாட்டான். இது எங்க ஆளுங்க வேலை. ஸ்கிரீனுக்குக் கீழ ஓடற எண்ணைப் பாத்துப் பாத்து எழுதற கை. நான் சொல்லல, எழுத்துக்காரிதான்னு?"

"எழுத்துக்காரிதான். மூணாவது கடிதத்துல கடைசிக்கு முந்தின வரியைப் படி."

படித்தேன். 'இது எந்த வகையிலும், எந்தக் காரணத்தாலும், எந்தச் சூழ்நிலையிலும் ஏற்கத்தக்கதல்ல.' எனக்கு அந்த வரியை நன்றாகத் தெரியும். அதன் அக்கா தங்கைகளை நானே நூறு தடவை எழுதியிருக்கிறேன். ஏழெட்டு வார்த்தை குறையும்போது ஓட்டையை அடைக்கிற வரி அது.

மேடம் இன்னும் ஒன்று கேட்டார். செவ்வாய்க்கிழமை பதினொன்றே காலுக்கு ஒரு மெயில் போகவேண்டும் என்றால் அந்த நேரத்தில் ஆள் கணினி முன்னால் இருக்க வேண்டுமா? நான் சிரித்துவிட்டேன். நேரம் குறித்து வைத்துவிட்டால் அது தானாகப் போகும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருடைய திருட்டுத்தனமும் அதுதான். மத்தியானமே எழுதி முடித்து, விடிகாலை ஐந்தரைக்குப் போகும்படி வைத்துவிட்டுக் குறட்டை விடுவோம். வாடிக்கையாளர், பாவம் ராத்திரியெல்லாம் உழைக்கிறான் என்று நினைப்பார்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் சிரிப்பு நின்றுவிட்டது. மேடம் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

நான்கு மணிக்குச் சில நிமிஷம் முன்னால் மறுபடியும் அந்த மாடியில் இருந்தோம். இளையவள் கீழே இருந்தாள். மூத்தவள் எங்களை எதிர்பார்த்துக் காத்திருந்தாள். அறிக்கை தயாரா என்று கண்ணாலேயே கேட்டாள். கிட்டத்தட்ட தயார், பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம் ஒன்று இணைக்க வேண்டும் என்றார் மேடம்.

"எவ்வளவு எழுதணும் மேடம்?"

"அளவெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. பத்து வார்த்தையும் எழுதலாம், பத்துப் பக்கமும் எழுதலாம். உங்க மனசுல இருக்கறதை எழுதுங்க."

அவள் உட்கார்ந்து மணிக்கட்டுப் பட்டையை மாட்டிக்கொண்டாள். விரல்கள் மழைபோல் பொழிந்தன. இருபது நிமிஷத்தில் நிறுத்தினாள். கண் ஒரு கணம் திரையின் அடியோரத்துக்குப் போய்த் திரும்பியது. நடுவில் எங்கோ போய் இரண்டு வார்த்தை சேர்த்தாள். கடைசிப் பத்திக்கு வந்து இன்னொரு வரி சேர்த்தாள். மறுபடி அடியோரத்தைப் பார்த்தாள். பிறகு நிம்மதியாக மூச்சு விட்டு, முடிந்தது என்று சொன்னாள்.

"ரெண்டு ஸ்டார், கீழ என்ன எண் இருக்குன்னு படி" என்றார் மேடம்.

நான் குனிந்து பார்த்தேன்.

"நானூறு."

மூத்தவளுக்கு இன்னும் விளங்கவில்லை. மேடம் மூன்று கடிதங்களையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

"இதுவும் நானூறு, இதுவும் நானூறு, இதுவும் நானூறு. உங்க ஓரகத்தி மாதிரியே கேள்வி கேட்டீங்க, அவளை மாதிரியே காபியும் துடைப்பமும் கொண்டு வந்தீங்க. எல்லாம் சரியா வந்துச்சு. ஆனா அவ எழுதின பழைய கட்டுரைங்களையும் எண்ணிப் பார்த்தோம். ஒண்ணுகூடச் சொன்ன அளவுல நிக்கல. அவளுக்கு நிறுத்த வராதும்மா. உங்களுக்கு நிறுத்தாம இருக்க வராது."

மூத்தவள் திரையின் அடியோரத்தைப் பார்த்தாள். அந்த எண்ணை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவள்போல் பார்த்தாள். பிறகு பட்டையைக் கழற்றி, மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டு, மறைக்க ஒன்றும் இல்லாதவளாகச் சொன்னாள். இளையவளுக்கு ஆசிரியர் போட்ட மெயிலை, அவளுடைய திரையில் இவள் பார்த்துவிட்டாளாம். இளையவள் குளிக்கப் போயிருந்த நேரம். நேரம் குறித்து மெயில் வைத்தது, பல் டாக்டரிடம் போனது, எங்களைத் தேடி வந்தது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

"கடைசி வரைக்கும் படிச்சேன்னு எழுதியிருந்தார். ஆறு வருஷமா நான் அவருக்கு எழுதறேன். என்னை ஒரு தடவை அப்படிச் சொன்னதில்ல. காய்ச்சல்லயும் எழுதியிருக்கேன். பாதி ராத்திரியில திருத்தம் கேட்டாலும் குடுத்திருக்கேன். ஸ்டார் குறைஞ்சிடுமோன்னு பயந்து பயந்து ஒரு வார்த்தை என் இஷ்டத்துக்கு எழுதினதில்ல. இவ வந்து ஒரு வருஷம் ஆகல. நான்தான் உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தேன். இவ இஷ்டத்துக்கு என்னத்தையோ எழுதறா, சிரிக்கறா, அவர் படிக்கறார். பக்கத்துல உக்காந்து அந்தச் சிரிப்பைக் கேக்க முடியல மேடம்."

அவள்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. காலையில் அவள் ஃபைலைப் பார்த்து எனக்கு எரிந்ததும் இதே எரிச்சல்தான். அதைக் காரியத்தில் காட்ட எனக்கு வசதி போதவில்லை, அவளுக்கு இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கண்டுபிடிக்க முடியவில்லை என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடும்படி அவள் மேடத்தைக் கெஞ்சினாள். வேலை யாருக்காவது போகட்டும், வீட்டில் தெரிய வேண்டாம் என்றாள். மேடம் மறுத்துவிட்டார். கண்டுபிடிக்கவில்லை என்றால் ஆசிரியரின் சந்தேகம் சின்னவள் தலையில் அப்படியே நிற்கும். அந்தப் பெண் இனி எங்கே போனாலும் கூட இருந்தே குழி பறித்தவள் என்ற பெயர் முன்னாலேயே போய் நிற்கும்.

"ரெண்டே வழிதான். நான் ஆசிரியருக்கு அறிக்கை அனுப்பறது ஒண்ணு. நீங்களே எழுதறது இன்னொண்ணு. நீங்க எழுதினா என் அறிக்கை தேவையில்ல. ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி சின்னவங்க அதைப் படிக்கணும். குற்றம் அவங்க பேர்ல இருக்கு" என்றார் மேடம்.

நான்கு இருபத்தைந்து. மூத்தவள் வாக்குமூலத்தை முழுவதும் அழித்தாள். வெள்ளைத் திரையைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தாள். பட்டையை மாட்டிக்கொள்ளாமலேயே எழுத ஆரம்பித்தாள். இந்த முறை மழை பொழியவில்லை. இரண்டு வரி எழுதினாள், ஒன்றை அழித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். ஒரு இடத்தில் கையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள், பிறகு தொடர்ந்தாள். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். அடுத்தவர் எழுதும்போது எட்டிப் பார்ப்பது என் பழக்கம், அன்றைக்கு ஏனோ மனம் வரவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மேடம் படிக்கட்டிலிருந்து இளையவளைக் கூப்பிட்டார். அவள் மடித்த துணிகளோடு மேலே வந்தாள். எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டுத் துணிகளைத் தரையிலேயே வைத்தாள். மூத்தவள் எழுந்து நாற்காலியை விட்டு விலகி, சுவரோரமாக நின்றுகொண்டாள். கையால் திரையைக் காட்டினாள்.

இளையவள் உட்காரவில்லை. நின்றபடியே மேஜையில் கையூன்றிப் படித்தாள். அவள் முகத்தில் முதலில் குழப்பம் வந்தது, பிறகு கோபம் வந்தது. காது மடல்கள் சிவந்தன. நடுவில் ஒரு தடவை திரும்பி மூத்தவளைப் பார்த்தாள். கையை ஓங்கிவிடுவாள் என்றே நான் நினைத்தேன். ஆனால் அவள் மறுபடி திரைக்குத் திரும்பினாள். இறுதிவரை போனாள். போய்விட்டு, மேலே ஏறி, இன்னொரு தடவை ஆரம்பத்திலிருந்து படித்தாள்.

கடிகாரத்தில் ஐந்துக்கு மூன்று நிமிஷம். மேடம் அவசரப்படுத்தவில்லை.

"அக்கா" என்றாள் இளையவள். "உங்களை மன்னிக்கற மாதிரி எனக்கு ஒண்ணும் தோணல. இனிமே இந்த மேஜையில உங்க பக்கத்துல உக்கார முடியாது. ஆனா இத்தனை நாள்ல நீங்க எழுதினதுல, நான் நடுவுல விடாம முழுசாப் படிச்சது இது ஒண்ணுதான்."

மூத்தவள் தலையை நிமிர்த்தினாள். முகம் முழுக்கக் கண்ணீர். வேலை போய்விட்டது, வீட்டில் தலைகுனிவு காத்திருக்கிறது, இத்தனைக்கும் நடுவில் அந்த முகத்தில் ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. எனக்குப் பாவமாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பொறாமையாகவும் இருந்தது.

"நிஜமாவா?" என்றாள்.

இளையவள் திரைப்பக்கம் திரும்பினாள். 'அனுப்பு' பொத்தானைத் தானே அழுத்தினாள். தன் லேப்டாப்பின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சுருட்டி, லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். மூத்தவள் அவள் போன வாசலைப் பார்த்தபடி, எங்களிடம் இல்லை, யாரிடமும் இல்லை, இன்னொரு தடவை நிஜமாவா என்று கேட்டாள்.